நாலு ‘இல்லை’ சொன்ன ராசா

இன்னாடா பேராண்டி, உனக்குக் கவனம் தொலைஞ்சு போச்சாமே? ஆயா சொன்னா. கடைசியா எங்க வெச்சிருந்தே? சட்டைப் பாக்கெட்ல பார்த்தியா? கம்பெனில ரேட்டிங்கைக் குறைச்சுப் போட்டுட்டாங்க, புள்ள ரெண்டு நாளா சரியா சாப்பிடல, நீ நாலு வார்த்தை சொல்லுன்னா. நாலே வார்த்தையோட நிறுத்தினா நான் என்னடா மண்டகப்பட்டுக் கெழவன்? குந்து. பாறை நெழலு இருக்குது, காத்தும் வருது. கையில கட்டியிருக்கிற அந்த வாட்ச்சு இப்ப ரெண்டு வாட்டி துடிச்சுதே, அது நாடி பாக்குதா, இல்ல எவனாவது உன்னைக் கூப்பிடறானா? ரெண்டுமா? நல்லதாப் போச்சு. வைத்தியனும் வம்பனும் ஒரே ஆளா இருந்தா ஃபீஸ் மிச்சம்.

நேத்து ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தவன் உன் ரூமை எட்டிப் பார்த்தேன். ரெண்டு ஸ்கிரீனு, ஒரு லேப்டாப்பு, ஒரு போனு. காதுல ஒரு டப்பா, அது வெளிச்சத்தம் வராம அடைக்குமாம். வெளிச்சத்தத்தை அடைச்சுட்டு உள்ளாற பாட்டு போட்டுக்கினு குந்தியிருந்தே. செவுத்துல மஞ்சள் சீட்டு, பச்சை சீட்டு, ரோஸ் சீட்டு. போன்ல நேரம் வீணாகாம பாத்துக்க ஒரு ஆப்பு, அந்த ஆப்பு ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க இன்னொரு ஆப்பு. அப்பால, விடியக்காலைல அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறது எப்படின்னு ஒரு வீடியோவை ராத்திரி ஒரு மணிக்குப் பார்த்துக்கினு இருந்தே. நான் ஒண்ணும் பேசல. பெரிய மனுஷன் வேலை பாக்கச் சொல்ல குறுக்க பேசக் கூடாது இல்ல?

சரி, இந்தப் பாறையைப் பாரு. சின்னப் புள்ளைல நீ கண்ணாமூச்சி ஆடின எடம்தான். ஆனா இதை நீ பார்த்ததே இல்ல. ஊர்க்காரன் எவனும் பார்த்தது இல்ல. வெளியூர்லேர்ந்து வர்றவன் தொல்லியல் துறை போர்டு பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்துட்டு, டீக்கடை எங்க இருக்குதுன்னு விசாரிச்சுட்டுப் போயிடறான். எனக்குத் தெரிஞ்சது எல்லாம், காலேஜுப் பசங்களை வேன்ல இட்டாந்து காட்டற வாத்தியாருங்க பேசச் சொல்ல, பக்கத்துல துண்டைப் போட்டுக்கினு குந்திக் கேட்டதுதான். வருஷா வருஷம் அதே பாடம். இப்ப எல்லாம் அவங்க எடுத்துக் குடுக்கறதுக்கு முன்னாடி நானே அடுத்த வரியைச் சொல்லிடறேன். ஒரு புரொபசர் என்னையே போட்டோ புடிச்சுக்கினு போனார். எந்த நூற்றாண்டுன்னு எழுதினாரோ தெரியல.

ஏழாம் நூற்றாண்டு ஆரம்பத்துல காஞ்சிபுரத்துல குந்தி ஆண்டானே மகேந்திரவர்ம பல்லவன், அவன் குடைஞ்சது இது. முகப்புல நடுவுல ரெண்டு தூணு, ஓரத்துக்கு ஒண்ணா ரெண்டு அரைத்தூணு. தூணைத் தடவிப் பாரு: கீழயும் மேலயும் சதுரம், நடுவுல எட்டுப் பட்டை. பூ இல்லை, கொடி இல்லை. உள்ளாற மண்டபம், பின்பக்கச் சுவர்ல மூணு கருவறை. பிரம்மாவுக்கு ஒண்ணு, சிவனுக்கு ஒண்ணு, பெருமாளுக்கு ஒண்ணுன்னு எடுத்தான். இப்ப மூணும் காலி. முகப்புல ரெண்டு பக்கமும் மாடத்துக்குள்ள ஒவ்வொரு காவக்காரன் நிக்கிறான் பாரு. அவனுக்கும் உன்ன மாதிரி ரெண்டே கைதான். உள்ள சாமியே இல்லன்னாலும் 1,400 வருஷமா எடத்தை விட்டு நகரல. அவனுக்கு எவனும் ரேட்டிங் போடல.

கல்வெட்டு ஒண்ணு இருக்குது. எழுத்து கிரந்தம், பாஷை சமஸ்கிருதம். விசித்திரசித்தன்னு பட்டப் பேரைப் போட்டுக்கினு ராசா சொல்ற சேதி இதுதான்: செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம மும்மூர்த்திக்கும் இந்தக் கோயிலைச் செஞ்சு வெச்சேன்னு. மத்த ராசாவெல்லாம் தன்கிட்ட இருக்கிறதைச் சொல்லிப் பீத்திக்குவான். இத்தனை யானை, இத்தனை பொன்னு, இத்தனை ஊரை ஜெயிச்சேன்னு. இவன் ஒருத்தன்தான் இல்லாததைச் சொல்லிப் பீத்திக்கிறான். அதுவும் நாலு ‘இல்லை’.

அதுக்கு முந்தி நம்ம பக்கம் கோயில்னா செங்கல்லும் மரமும் சுண்ணாம்பும்தான். மரத்தைச் செல்லு அரிக்கும், சுண்ணாம்பு உதிரும், ரெண்டு தலைமுறைக்கு ஒருக்கா திருப்பணின்னு நோட்டீஸ் அடிச்சு வசூலுக்கு வந்துடுவாங்க. எல்லாரும் எதைச் சேர்த்துக் கட்டலாம்னு யோசிச்சுக்கினு இருக்கச் சொல்ல, இவன் எதை விட்டுட்டா கோயில் நிலைச்சு நிக்கும்னு யோசிச்சிருக்கான். நீயும் வேலைல கவனம் வரலன்னதும் இன்னா செஞ்சே? புதுசா ஒரு நாற்காலி வாங்கினே. புதுசா ஒரு லைட்டு வாங்கினே. மூணு மாச சந்தா கட்டி ஒரு ஆப்பு வாங்கினே. ஏதாவது ஒண்ணை எடுத்துக் கொல்லைப்பக்கம் போட்டியா?

இருடா, இங்கதான் நான் ஒரு கொக்கி போடுவேன். வாத்தியாருங்ககிட்டயும் போட்டிருக்கேன். உலோகம் இல்லாம செஞ்சேன்னு சொல்றானே, அப்ப உளி? இந்தப் பாறையை நகத்தாலயா கீறினான்? இரும்பு உளியும் சுத்தியும் இல்லாம இதுல ஒரு விரக்கடை எறங்காது. அப்ப ராசா புளுகறானா? இல்லடா. இரும்பு வந்துச்சு, வேலையைப் பார்த்துச்சு, வேலை முடிஞ்சதும் வெளியே போயிடுச்சு. கோயிலுக்குள்ள குடித்தனம் வரல. அவ்ளோதான் விஷயம். உன் போனும் உளிதான். அது வாணாம்னு சொல்ல நான் யாரு? செஞ்சி கமிட்டில இன்னிக்கு மல்லாட்டை மூட்டை என்ன விலைக்குப் போச்சுன்னு நானே அதுலதான் கேட்கறேன். கேட்டுட்டு மூடி, இடுப்புல சொருகிடறேன். நீ இன்னா பண்ணினே? உளியைக் கொண்டாந்து கருவறைல பிரதிஷ்டை பண்ணிட்டே. கண்ணு முழிச்சதும் தரிசனம், படுக்கச் சொல்ல அர்த்தஜாம பூஜை. அபிஷேகம் ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு, அதையும் போன மாசம் தொட்டித் தண்ணில போட்டு முடிச்சிட்டு, அரிசி டப்பாக்குள்ள வெச்சு எடுத்தே.

உளின்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. கருங்கல்லுல உளி முனை சட்டுனு மழுங்கிடும். கல்லு வேலை நடக்கற எடத்துல பக்கத்துலயே ஒரு உலை எரிஞ்சுக்கினு இருக்கணும். மழுங்கின உளியை நெருப்புல காய வெச்சு, பழுத்ததும் எடுத்துத் தட்டிக் கூராக்கி, தண்ணில தோய்ச்சு எடுக்கிறதுக்குன்னே ஆளு. தண்ணில எறக்கச் சொல்ல சுர்ருன்னு ஒரு சத்தம் வரும் பாரு, அதுலயே கொல்லனுக்குப் பதம் தெரிஞ்சுடும். ரொம்பத் தோய்ச்சா முனை உடையும், கம்மியாத் தோய்ச்சா மடங்கும். கல்தச்சன் ஒருத்தன் மழுங்கின உளியை வெச்சுக்கினு ஓங்கி ஓங்கி அடிக்கிறான்னு வெச்சுக்க. பாக்கறவனுக்கு அவன்தான் பெரிய உழைப்பாளி. சத்தம் தளவானூர் வரைக்கும் கேட்கும். கல்லு ஒண்டி நகராது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சுட்டு, காலைல நாலு காப்பியை ஊத்திக்கினு ‘செம ஹார்டு வொர்க் தாத்தா’ன்னு சொல்றியே, அது அந்தச் சத்தம்தான். நான் மத்தியானம் சாப்ட்டுட்டு வேப்ப மரத்தடில கட்டையைச் சாய்க்கிறதைச் சோம்பேறித்தனம்னு உங்க ஆயா சொல்லிக்கினு திரியறா. உளி உலைல இருக்குதுன்னு நீ சொல்லிடு. படிச்ச புள்ள சொன்னா நம்புவா.

அதுக்காக எந்நேரமும் குந்தியே இருக்கணும்னும் சொல்லல. நம்ம பக்கத்துல திருவக்கரை இருக்குதே, அங்க ரெண்டு கோடி வருஷத்துக்கு முந்தின மரமெல்லாம் கல்லாயிக் கெடக்குது. ஒரே எடத்துல கெடந்த மரம். நீ அந்தப் புது நாற்காலில குந்தற அழகைப் பார்த்தா, அதிகாரிங்க வந்து உன்னையும் சுத்தி வேலி போட்டுட்டுப் போயிடுவாங்க.

இம்மாம் பெரிய பாறையை மொதல்ல எப்படித் தொட்டிருப்பான்னு யோசிச்சியா? மாமல்லபுரத்துல பாதியில விட்ட குகைங்க இருக்குது, அங்க போனா சூட்சுமம் அப்படியே தெரியும்பாங்க. பாறை முகத்தைச் செதுக்கிச் சமமாக்கி, கட்டம் கட்டமாக் கோடு போடறது. கோட்டு மேல ஆழமாப் பள்ளம் வெட்டி எறக்கறது. அப்பால நடுவுல துருத்திக்கினு நிக்குதே கட்டம், அதை ஒண்ணொண்ணா உடைச்சுத் தள்றது. உள்ளாற மறுபடியும் கோடு, மறுபடியும் கட்டம். ஒரு கட்டம்னா ஒரு ஆளு கைக்கு அடங்கற கட்டம். அவன் எதிர்ல கோயிலும் இல்ல, மும்மூர்த்தியும் இல்ல. அந்தக் கட்டம்தான் இருக்குது. உன் மஞ்சள் சீட்டுல இன்னாடா எழுதியிருந்துச்சு? ‘பிராஜெக்ட் முடிக்கணும்.’ அது கட்டமா? அது மலைடா. மலையைக் குடையணும்னு சீட்டுல எழுதி ஒட்டிட்டு, காலைல குந்தி மலையையே பார்த்துக்கினு இருந்தா யாருக்கா இருந்தாலும் கை போனுக்குத்தான் போகும். ‘இன்னிக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடி இந்த ரெண்டாவது பக்கத்துக் கணக்கைச் சரி பண்ணணும்’னு எழுது. எழுதறதுக்கே அசிங்கமா இருக்குதுல்ல, இவ்ளோ சின்ன வேலையான்னு? அந்த அசிங்கம்தான் சரியான அளவு.

பாறைல இன்னொரு வசதி, கன்ட்ரோல் இசட் கெடையாது. செங்கல் சுவர்ல தப்பு வந்தா இடிச்சுக் கட்டலாம். இங்க காவக்காரன் மூக்கு போச்சுன்னா போனதுதான். ஒட்டறதுக்குச் சுண்ணாம்பு இல்லன்னு ராசாவே எழுதி வெச்சிட்டான். திரும்பி வர வழி இல்லன்னு தெரிஞ்சா கண்ணு தானா உளி முனைல போய் நிக்கும்.

உன் லேப்டாப்புல ஒரு அமெரிக்கா அம்மாவைப் பத்தித் தமிழ்ல ஒருத்தன் விளக்கிச் சொன்னானே, குளோரியா மார்க், கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி புரொபசர். கவனத்தைப் பத்தின வீடியோ அது. நீ பாதியில வேற வீடியோக்குத் தாவிட்டே. நான்தான் அதை மறுபடி போடச் சொல்லி முழுசாக் கேட்டேன். 2004 வாக்குல அவங்க அளந்து பார்க்கச் சொல்ல, ஒருத்தர் கண்ணு ஒரு ஸ்கிரீன்ல சராசரியா ரெண்டரை நிமிஷம் நின்னுச்சாம். இப்ப எல்லாம் 47 செகண்டாம். டேய், 47 செகண்டுல நான் ஒரு வெத்தலைக்குக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி முடிக்க மாட்டேன்டா. அதுல எனக்குப் புடிச்சது வேற சங்கதி. ஆளைக் கலைக்கிறது எல்லாம் வெளியாளு இல்லையாம். கிட்டத்தட்ட பாதி தடவை நம்மளை நாமளே கலைச்சுக்கறோமாம். ஆயா காப்பி குடுக்க வந்ததுனாலதான் வேலை கெட்டுச்சுன்னு நீ கத்தினதை நான் கேட்டேன். ஆயா வந்தது ஒரு வாட்டி. மீதி வாட்டி எல்லாம் யாரு வந்தது?

ஒரே நேரத்துல பத்து வேலை பார்ப்பேன்னு வேற சொல்றே. அதுக்கு நம்ம தமிழ்ல ஒரு பெரிய ஆளு இருந்தாரு, நாகர்கோயில் பக்கம் இடலாக்குடில பொறந்த செய்குதம்பிப் பாவலர். அவதானம்னா தெரியுமா? ஒருத்தர் வெண்பாவுக்கு ஈத்தடி குடுப்பாரு, இன்னொருத்தர் கணக்கு கேட்பாரு, ஒருத்தர் மணி அடிப்பாரு, ஒருத்தர் முதுகுல கல்லைப் போட்டுக்கினே இருப்பாரு. பாட்டும் முடிக்கணும், கணக்கும் சொல்லணும், எத்தனை மணி, எத்தனை கல்லுன்னும் சொல்லணும். எட்டு செஞ்சா அட்டாவதானி. இவரு 1907-ல மெட்ராஸ் விக்டோரியா ஹால்ல நூறு செஞ்சு காட்டி சதாவதானின்னு பேரு வாங்கினாரு. கேட்டியா, மேடை போட்டு, நாலு பேரைக் கூட்டிவெச்சுக் காட்டற வித்தை அது. அதே பாவலர்தான் சீறாப்புராணத்துக்கு உரையும் எழுதினாரு. உரை எழுதச் சொல்ல முதுகுல கல்லு போட ஆளு வெச்சுக்கினு இருந்திருப்பாருன்னா நெனைக்கிறே? நீ தெனமும் காலைல குந்தும்போதே நூறு பேரை முதுகாண்ட நிக்க வெச்சுடறே. வாட்ஸ்அப்புல ஒருத்தன் கல்லைப் போடறான், மெயில்ல ஒருத்தன் மணி அடிக்கிறான். சாயந்தரமானா பாட்டும் இல்ல, கணக்கும் இல்ல. முதுகு வலி ஒண்டி மிச்சம்.

தக்காளிக் கடிகாரத்தைப் பத்தியும் சொன்னே. இத்தாலிக்காரன் பிரான்செஸ்கோ சிரில்லோ, காலேஜ் படிக்கச் சொல்ல சமையக்கட்டுல இருந்த தக்காளி மாதிரி ஒரு கடிகாரத்தை முறுக்கி வெச்சு, 25 நிமிஷம் படிப்பு, அப்பால கொஞ்ச நேரம் ஓய்வுன்னு பழகினான். நல்ல யோசனைதான், குத்தம் சொல்லல. ஆனா நம்ம ஊரு விவசாயிக்குத் தக்காளி தேவைப்படல, மின்சார வாரியமே பார்த்துக்கிச்சு. மும்முனைக் கரண்டு பகல்ல சில மணி நேரம்தான் வந்த காலத்துல, கரண்டு வர்ற நேரம் தெரிஞ்சா கல்யாண வீட்டுப் பந்தியில குந்தினவன் கூட எலையை மடிச்சுட்டு கழனிக்கு ஓடுவான். மோட்டாரைப் போட்டு, மடையைத் திறந்து, ஒரு பாத்தி நெறைஞ்சதும் மம்பட்டியால அடைச்சு அடுத்ததைத் திறந்து, கரண்டு நிக்கறதுக்குள்ள கடைசிப் பாத்திக்குத் தண்ணி போயிருக்கும். அந்த நேரத்துல எவனாவது ‘எனக்கு மூடு வரல’ன்னு சொன்னதைக் கேட்டிருக்கியா? சிங்கப்பூர்ல புரொபசரா இருந்த பார்க்கின்சன்னு ஒரு வெள்ளைக்காரர் 1955-ல எழுதினாராம், வேலைக்கு எத்தனை நேரம் ஒதுக்கறோமோ அத்தனை நேரத்துக்கும் அது உப்பிக்கும்னு. உங்க பெரியப்பன் சிங்கப்பூர்லேர்ந்து வந்தப்ப சொன்னான். அவனுக்கு இது நல்லாவே தெரியும். ஒரு வாரத்துல முடிக்க வேண்டிய மச்சு வீட்டை ஒரு வருஷம் பூசினான்.

ஆனா ஒரு நியாயத்தையும் பேசணும். தப்பு பூரா உன் பேர்ல இல்ல. நூறு நாள் வேலைக்குக் காலைல ஒரு போட்டோ, அப்பால ஒரு போட்டோ எடுத்து ஆப்புல ஏத்தணும்னு கொண்டாந்தாங்களே, 2023 ஜனவரிலேர்ந்து எல்லா எடத்துக்கும் கட்டாயம்னாங்க. ஏரிக்கரைல போட்டோ எடுக்கற நேரத்துல நம்ம பொம்பளைங்க மம்பட்டி புடிச்சு நின்ன தோரணையைப் பார்த்திருக்கணும், சினிமாக்காரி தோத்தா. நெட்டு கிடைக்காம போட்டோ ஏறலன்னா வெட்டின மண்ணுக்குக் கூலி இல்லாம போச்சு. போட்டோ ஏறிடுச்சுன்னா மண்ணை யாரும் போய்ப் பார்த்ததும் இல்ல. உங்க கம்பெனில மட்டும் இன்னா வாழுது? பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியுதா, மவுஸ் அசையுதான்னு பாக்கறான். அவன் மவுஸைப் பாக்கறான்னு தெரிஞ்சதும் மவுஸை அசைக்கிறதுக்குன்னே ஒரு மிஷினைக் கண்டுபுடிச்சு விக்கிறாங்களாமே! அமெரிக்கால ஒரு பெரிய பேங்கு, கீபோர்டுல வேலை நடக்கறாப்ல பாவ்லா காட்டினாங்கன்னு 2024-ல பத்துப் பன்னெண்டு பேருக்கு மேல வீட்டுக்கு அனுப்பிடுச்சு. அசைவை அளந்தா அசைவுதான் கெடைக்கும். மகேந்திரவர்மன் மட்டும் தச்சனுங்க கை எத்தனை வாட்டி ஏறி எறங்குதுன்னு எண்ண ஒரு கணக்கப்பிள்ளையைப் போட்டிருந்தான்னு வெச்சுக்க, இன்னிக்கு இங்க பாறை அப்படியே இருந்திருக்கும். ஆயிரம் வருஷத்துக்குக் கணக்கு ஒண்டி இருந்திருக்கும்.

அந்த ராசாவும் ஒண்ணும் மூக்கைப் புடிச்சுக்கினு தியானத்துல குந்தின ஆளு இல்ல. சித்திரகாரப்புலின்னு பேரு, குணபரன்னு பேரு, மத்தவிலாசன்னு பேரு. நாடகம் எழுதினான், அதுவும் சிரிப்பு நாடகம், மத்தவிலாசப் பிரகசனம். காஞ்சிபுரம் வீதில குடிச்சுட்டு ஆடிக்கினு போற காபாலிகன் ஒருத்தன், தன்னோட மண்டை ஓட்டைத் தொலைச்சுடறான். அதுலதான் அவனுக்குப் பிச்சை, அதுலதான் சாப்பாடு. அதைத் தேடறான் தேடறான், அந்த வழியா சிவனேன்னு போன புத்த பிட்சுவைப் புடிச்சுக்கினு நீதான் எடுத்தேன்னு சண்டை. பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதன் வர்றான். கடைசியில பார்த்தா ஓட்டைத் தூக்கிக்கினு போனது ஒரு நாயி. உள்ள வறுத்த கறி இருந்துச்சு, நாயி வேற இன்னா பண்ணும்? அதுகிட்டேர்ந்து புடுங்கினவன் ஒரு பைத்தியக்காரன். கறியைத் திறந்து வெச்சவன் காபாலிகன். சண்டை பிட்சுகூட. போன வாரம் ரேட்டிங் வந்தன்னிக்கு நீ யார் யார் மேல கோபப்பட்டேன்னு வரிசையா சொல்லட்டுமா? டீம்ல இருக்கிற அந்தப் பொண்ணு, பிஎஸ்என்எல், உங்க அப்பன் போடற டிவி சத்தம். வேணாம், விடு.

அப்பவே தூணைத் தடவிப் பாருன்னு சொன்னேன், தடவல. எதுக்குச் சொன்னேன்னா, அதுல அலங்காரமே இல்ல. பக்கத்துல தளவானூர் போனா அதே ராசாவோட குகை முகப்புல மகர தோரணம் எல்லாம் வளைச்சுச் செதுக்கியிருக்கும். மண்டகப்பட்டுதான் அவன் மொதல்ல கை வெச்ச எடம்னு நெறைய பேரு சொல்றாங்க. முதல் வேலை மொட்டையா இருக்குது. கல்லு நிக்குமா, கூரை தாங்குமா, உள்ளாற மூணு அறை வருமா, அதைப் பார்த்தான். பூவும் தோரணமும் அடுத்த ஊருக்கு. நீ நேத்து அந்தப் பிபிடில முதல் பக்கத்துத் தலைப்புக்கு நீலம் போடலாமா, கருநீலம் போடலாமான்னு எம்மாம் நேரம் மாத்தி மாத்திப் பார்த்தே? ரெண்டாவது பக்கத்துல ஒரு வரி இல்ல. தளவானூரை மொதல்ல கட்டிட்டு மண்டகப்பட்டைத் தேடறே.

இன்னொரு விஷயம், உனக்குப் புடிக்காது, சொல்லிடறேன். கல்வெட்டுல ராசா பேரு இருக்குது, செதுக்கினவன் பேரு இல்ல. வெயில்ல குந்திக் கட்டம் கட்டமா உடைச்சவன், உலையில உளி காய்ச்சினவன், மூக்கு போயிடுமோன்னு மூச்சைப் புடிச்சுக்கினு காவக்காரன் மொகத்தை எடுத்தவன், ஒருத்தன் பேரும் இல்ல. பிரசண்டேஷன்ல மேனேஜர் பேரு மேல இருக்குது, என் பேரு கீழ சின்னதா இருக்குதுன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தியே, இது 1,400 வருஷத்து வழக்கம்டா. அதுக்காக ராசா செஞ்சது நியாயம்னு சொல்லல. எனக்கு இன்னிக்கும் கடுப்புதான். நாலு இல்லைன்னு எழுதினவன் அஞ்சாவதா ஒரு ‘இருக்கு’ எழுதியிருக்கலாம், இன்ன ஊரு இன்ன தச்சன்னு. ஆனா அவன் பேரு போடுவாங்களா மாட்டாங்களான்னு பார்த்து உளியை எடுக்கலன்னு தூணைப் பார்த்தாலே தெரியுது; யாரும் பார்க்காத உள் தூணுலயும் பட்டை நேராத்தான் இருக்குது. போய் கை வெச்சுப் பார்த்துட்டு வந்து சொல்லு. போன் வெளிச்சம் வேணாம், கையே போதும்.

பார்த்தியா? சரி, எழுந்திரு, போலாம். அறிவுரை எல்லாம் சும்மா குடுக்கறதுக்கு நான் என்ன யூடியூபா? மேட்டுக் கொல்லைல மல்லாட்டை முத்திப் போய் நிக்குது, மழை வந்தா கொட்டை மண்ணுக்குள்ளயே மொளைச்சுடும், புடுங்க ஆளு கிடைக்கல. நாளைக்கு சனிக்கிழமை, உனக்கு லீவுதானே? காலைல ஆறு மணிக்கு வந்துடு. மொத்தக் கொல்லையும் பார்க்காத, மலைச்சுப் போயிடுவே. ஒரு கட்டம் சொல்றேன், வேலி ஓரமா நாலு சால், அது உன்னுது. போனை எடுத்தாலும் எடு, எனக்கு ஒண்ணும் இல்ல. செடியைப் புடுங்கி மண்ணு தட்டின கையால அந்த ஸ்கிரீனை எத்தனை வாட்டி தடவினாலும் அது திறக்காது.